தடித்த எழுத்தில் ‘நூல்’ வந்தால் மூடிக்கொள்ளும் உலாவி

கும்பகோணத்தில் இருக்கும் என் பெரியப்பா ஓய்வுபெற்ற தமிழாசிரியர். அவருடைய ஒன்பது ஆண்டுப் பழைய மடிக்கணினியில் டெபியன் 12 லினக்ஸை நிறுவிக் கொடுத்தவன் நான் என்பதால், அதில் எது கெட்டாலும் பஞ்சாயத்து என்னிடம்தான் வரும். அவர் அந்தக் கணினியில் செய்வதெல்லாம் பயர்பாக்ஸ் உலாவியைத் திறந்து படிப்பதும், எப்போதாவது லிப்ரே ஆபீஸில் கடிதம் எழுதுவதும்தான். ஒருநாள் தொலைபேசியில், “தம்பி, கிரிக்கெட் ஸ்கோர் பார்த்தா ஒண்ணும் ஆகலை. புத்தக விமர்சனம் படிக்கப் போனா மட்டும் கடகடன்னு ஒரு சத்தம், அப்புறம் எல்லாம் மூடிக்குது” என்றார். அந்த ஒரே வாக்கியத்தில் நோயின் முக்கால்வாசி விவரம் இருந்தது என்பது எனக்கு இரண்டு நாள் கழித்தே விளங்கியது.

சனிக்கிழமை காலை நேரில் போய்ப் பார்த்தேன். எந்தெந்தத் தளங்களில் மூடிக்கொள்கிறது என்பதை அவர் நோட்டுப் புத்தகத்தில் வரிசையாக எழுதி வைத்திருந்தார்: இரண்டு இலக்கிய இதழ்கள், ஒரு நூலகப் பட்டியல், மாவட்டச் செய்திகள் தரும் ஒரு தளம், அத்துடன் இன்னும் மூன்று. ஏழையும் திறந்து பார்த்தேன். பக்கம் பாதி வரை வரும்; பிறகு பத்துப் பதினைந்து விநாடி எதுவும் அசையாமல் நிற்கும்; அதன்பின் பயர்பாக்ஸின் சாளரம் முழுவதும் பிழைச் செய்தி ஏதுமின்றி மறைந்துவிடும். மீண்டும் திறந்தால் பழைய தாவல்களையும் சேர்த்தே திறப்பதால் மறுபடியும் விழும். நல்லவேளையாக, அடுத்தடுத்து விழுந்தால் பயர்பாக்ஸ் தானாகத் தாவல்களைத் திறக்காமல், எவற்றை மீட்க வேண்டும் என்று கேட்கும் பக்கத்தைக் காட்டும். அதில் குற்றமுள்ள தாவலின் தேர்வை எடுத்துவிட்டால் மற்றவை ஒழுங்காகத் திறந்தன.

வழக்கமாகச் செய்பவற்றை முதலில் முடித்தேன். உலாவி தற்காலிகமாகச் சேமித்துவைத்த கோப்புகளை அழித்தேன். விளம்பரத் தடுப்பு நீட்சியை அணைத்தேன். நீட்சிகள், வன்பொருள் முடுக்கம் எல்லாவற்றையும் ஒதுக்கிவைத்துத் திறக்கும் பழுதறியும் முறையில் இயக்கினேன். முற்றிலும் புதிய பயனர் சுயவிவரம் ஒன்றை உருவாக்கினேன். எதிலும் மாற்றமில்லை. இவ்வளவும் தோற்றது ஒருவகையில் பயனுள்ள செய்திதான். கோளாறு பயர்பாக்ஸின் அமைப்புகளில் இல்லை என்பது இதனால் உறுதியாயிற்று.

இன்னொன்றையும் கவனித்தேன். இக்காலப் பயர்பாக்ஸ் வலைப்பக்கங்களைத் தனித்தனிச் செயலாக்கங்களில் இயக்குகிறது. ஒரு பக்கத்தின் நிரல் எவ்வளவு மோசமாக இருந்தாலும் அந்தத் தாவல் மட்டும் செயலிழந்து, அதைத் தெரிவிக்கும் செய்தி ஒன்று வரும். மற்றத் தாவல்கள் பிழைத்துக்கொள்ளும். இங்கோ உலாவி முழுவதும் விழுகிறது என்றால், அடிபடுவது பக்கத்தின் செயலாக்கம் அன்று, உலாவியையே நடத்தும் தாய்ச் செயலாக்கம். அந்தக் கணினியில் திரையில் வரையும் வேலையைச் செய்யும் வெப்ரெண்டர் என்ற பகுதி தாய்ச் செயலாக்கத்துக்குள்தான் இயங்கிக்கொண்டிருந்தது. ஆகவே வரையும்போதுதான் ஏதோ நடக்கிறது என்று முடிவு செய்தேன். அது சரியான முடிவு. ஆனால் அதிலிருந்து நேரே வரைகலை இயக்கி மீது பழி போட்டது தவறு. வரைகலைச் சில்லைத் தொடாமல் மையச் செயலி மட்டுமே வரையும்படி வெப்ரெண்டரை மாற்றிய பிறகும் அதே பக்கத்தில் அதே விழுகை. குரோமியம் என்ற இன்னோர் உலாவியை நிறுவி அதே முகவரியைக் கொடுத்தேன். அதில் உலாவி தப்பித்தது, தாவல் மட்டும் செத்தது. உள்ளியக்கம் வேறு வேறான இரண்டு உலாவிகள் ஒரே பக்கத்தில் விழுகின்றன என்றால் உலாவியைக் குறை சொல்ல இனி இடமில்லை. அடுத்த சந்தேகம் நினைவகத்தின் மீது விழுந்தது. அன்றிரவு மெம்டெஸ்ட் நிரலை ஓடவிட்டுத் தூங்கினேன். காலையில் நான்கு சுற்று முடிந்திருந்தது, பிழை ஒன்றுமில்லை.

ஞாயிறு காலை காப்பி குடித்துக்கொண்டே அந்த நோட்டுப் பட்டியலை மீண்டும் பார்த்தபோது, ஏழும் தமிழ்த் தளங்கள் என்பது உறைத்தது. ஆனால் அவர் அன்றாடம் படிக்கும் வேறு பல தமிழ்த் தளங்கள் நன்றாகவே திறந்தன. அப்போது தோன்றியது, ஒரே கட்டுரையை வேறு உடையில் திறந்து பார்த்தால் என்ன என்று. பயர்பாக்ஸில் பக்கத்தின் அலங்காரங்களை நீக்கிவிட்டு உரையை மட்டும் காட்டும் வாசிப்பு முறை உண்டு. பக்கத்தைத் திறந்த பிறகு அதற்கு மாற அவகாசம் இல்லை என்பதால், வாசிப்பு முறைக்குரிய உள்முகவரியின் பின்னால் கட்டுரையின் முகவரியை ஒட்டி நேரடியாகக் கொடுத்தேன். கட்டுரை முழுவதும் வந்தது, கடைசி வரி வரை உருட்டினேன், எதுவும் ஆகவில்லை. அதே சொற்கள், அதே படங்கள். எழுத்துரு மட்டும் வேறு.

எழுத்துருதானா என்று உறுதிசெய்ய, பயர்பாக்ஸ் அமைப்புகளில், பக்கங்கள் தம் எழுத்துருவைத் தாமே தேர்ந்துகொள்ள அனுமதிக்கும் குறியை எடுத்துவிட்டேன். அப்படிச் செய்தால் எல்லாப் பக்கங்களும் உலாவியின் இயல்பு எழுத்துருவிலேயே வரும்; அந்தக் கணினியில் தமிழுக்கு அது செரிஃப் வகை, அதாவது முனைகளில் சிறு கோடுள்ள எழுத்து. விளைவு நான் எதிர்பார்த்ததற்கு நேர்மாறு. அதுவரை ஏழு தளங்களில் மட்டும் விழுந்த உலாவி இப்போது ஏறக்குறைய எல்லாத் தமிழ்த் தளங்களிலும் விழத் தொடங்கியது. ஆங்கிலத் தளங்கள் மட்டும் தப்பின. பழுதுபார்ப்பில் ஒன்றைச் சரிசெய்வதைவிட அதை வேண்டுமென்றே மோசமாக்கத் தெரிவது பல வேளைகளில் பெரிய முன்னேற்றம். சொந்த எழுத்துருவைப் பக்கத்தோடு அனுப்பும் தளங்கள் இதுவரை தப்பித்திருக்கின்றன. கணினியிலுள்ள செரிஃப் எழுத்துருவை நம்பிய தளங்கள் மாட்டிக்கொண்டிருக்கின்றன.

விழும் பக்கம் ஒன்றைக் கோப்பாகச் சேமித்து, உரையைப் பாதி பாதியாக வெட்டிப் பார்த்தேன். உடற்பகுதியை முழுவதும் வைத்தாலும் விழவில்லை. தலைப்பை மட்டும் வைத்தால் விழுந்தது. தலைப்பு தடித்த எழுத்து. அதிலும் “நூல் மதிப்புரை” என்ற இரு சொற்களில் “மதிப்புரை” தனியாக நின்றால் ஒன்றுமில்லை. “நூல்” வந்தால்தான் சனி. ஒரு சொல்லைத் தடித்த எழுத்தில் காட்டினால் உலாவி சாகிறது என்று யாரிடமாவது சொன்னால் சிரிப்பார்கள். ஆகையால் ஒழுங்காகச் சோதிக்க வேண்டியிருந்தது. சிறு நிரல் ஒன்றை எழுதி, உயிர், மெய், உயிர்மெய் எழுத்துகளை எல்லாம் தடித்த செரிஃபில், எழுத்துக்கு ஒரு கோப்பாக உருவாக்கி, ஒவ்வொன்றாகத் திறந்து மூடும்படி விட்டேன். அது முடிய முக்கால் மணி நேரம் ஆயிற்று. இருநூற்றுச் சொச்சம் கோப்புகளில் ஆறில் மட்டும் உலாவி விழுந்தது: சூ, ஞூ, டூ, ணூ, தூ, நூ.

ஊகார வரிசையில் அடுத்தடுத்து நிற்கும் ஆறு எழுத்துகள். இது தற்செயல் இல்லை. “கா” என்பதை எழுத்துரு, ககரத்தையும் காலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வரைந்துவிடும். துணைக்கால் எல்லா எழுத்துக்கும் ஒன்றுதான். உகர, ஊகார வரிசைகளில் அப்படிப் பிரித்து வைக்க முடியாது. கூ, சூ, டூ, நூ ஒவ்வொன்றுக்கும் வளைவு வேறு என்பதால் ஒவ்வொன்றுக்கும் தனி வடிவத்தை எழுத்துருவில் வைத்தாக வேண்டும். பெரியப்பாவிடம் இதைச் சொன்னபோது, 1978-இல் தமிழ்நாடு அரசு ஏற்ற எழுத்துச் சீர்திருத்தம் ணா, றா, னா, லை போன்றவற்றை மாற்றியதே தவிர இந்த இரு வரிசைகளைத் தொடவில்லை என்று அரைமணி நேரம் பாடம் நடத்தினார். அந்தத் தனி வடிவங்கள் எழுத்துருக் கோப்புக்குள் வரிசையாக, ஒன்றையடுத்து ஒன்றாகக் கிடக்கும். ஆறு வடிவங்கள் சேர்ந்து பழுதாகியிருக்கின்றன என்றால், கோப்பின் நடுவில் ஒரு சிறு துண்டு, சில ஆயிரம் பைட்டுகள், கெட்டிருக்கின்றன என்று பொருள்.

இலக்கியத் தளங்களில் ஏன் விழுகிறது என்பதும் இப்போது விளங்கியது. நூல், நூலகம், நூற்றாண்டு, சூழல், தூது என்று தலைப்புக்குத் தலைப்பு இந்த எழுத்துகள்தாம். மாவட்டச் செய்தித் தளத்தில் குற்றவாளி தூத்துக்குடி. கிரிக்கெட் பக்கத் தலைப்புகளில் இவை அன்று வரவில்லை, அவ்வளவுதான்.

ஆனாலும் ஒரு கேள்வி மிச்சம் இருந்தது. கோப்பு கெட்டிருந்தால் எழுத்து கோணலாக வர வேண்டும், அல்லது கட்டம் கட்டமாக வர வேண்டும். உலாவி ஏன் சாக வேண்டும்? இம்முறை பயர்பாக்ஸை கட்டளைகளைத் தட்டச்சிடும் முனையச் சாளரத்திலிருந்து இயக்கி, “நூ” கோப்பைத் திறந்தேன். வழக்கமான உறைவு, வழக்கமான மறைவு. முனையத்தின் கடைசி வரியில் “பஸ் எரர்” என்றிருந்தது. பக்கத்தில் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த பெரியப்பா, பேருந்துக்கும் இதற்கும் என்ன தொடர்பு என்று கேட்டார். பஸ் என்பது இங்கே செயலிக்கும் நினைவகத்துக்கும் இடையே தரவு ஓடும் பாதை. பழைய கணினிகளில் இல்லாத முகவரியைக் கேட்டால் அந்தப் பாதையில் எழும் பிழைக்கு வைத்த பெயர் இன்றும் நிலைத்துவிட்டது.

நிரல்கள் சாவது பெரும்பாலும் தமக்கு உரிமையில்லாத நினைவிடத்தைத் தொட்டு. அதற்கு வரும் செய்தி வேறு. பஸ் எரர் இக்காலத்தில் அரிது, அது வருவதற்கான காரணங்களும் விரல்விட்டு எண்ணக்கூடியவை. அவற்றுள் முதன்மையானது இது. ஒரு நிரல் கோப்பைப் படிக்க இரண்டு வழிகள் உண்டு. முதல் வழியில், இத்தனை பைட்டுகளைக் கொடு என்று இயங்குதளத்தைக் கேட்கும். வன்தட்டிலிருந்து படிக்க முடியாவிட்டால் இயங்குதளம் முடியவில்லை என்று பதில் சொல்லும், நிரலும் அதற்கேற்ப நடந்துகொள்ளும். இரண்டாவது வழியில், கோப்பையே நினைவகத்தின் ஒரு பகுதிபோலப் பாவிக்கும்படி நிரல் கேட்டுக்கொள்ளும். அதன்பின் நினைவகத்தைப் படிப்பது போல நேரடியாகப் படிக்கும். தேவைப்படும் 4096 பைட்டுப் பகுதியை இயங்குதளம் திரைமறைவில் தட்டிலிருந்து கொண்டுவந்து வைக்கும். இந்த வழி வேகமானது. ஆனால் அந்தப் பகுதியைத் தட்டு தர மறுத்தால், நினைவகத்தைப் படிக்கும் ஒரு கட்டளைக்கு முடியவில்லை என்று பதில் சொல்ல இடமே கிடையாது. இயங்குதளத்துக்குத் தெரிந்த ஒரே மறுமொழி, நிரலுக்குப் பஸ் எரர் என்னும் சமிக்ஞையை அனுப்புவது. அதை எதிர்பார்த்து எழுதப்படாத நிரல் அங்கேயே விழும். லினக்ஸில் எழுத்துருக்களைப் படித்து வரையும் ஃப்ரீடைப் என்ற நிரல் நூலகம் இந்த இரண்டாவது வழியைத்தான் பயன்படுத்துகிறது. பயர்பாக்ஸும் குரோமியமும் லிப்ரே ஆபீஸும் எழுத்து வரைய நாடுவது அதனையே. லிப்ரே ஆபீஸில் அந்த எழுத்துருவைத் தேர்ந்து, தடித்த எழுத்தில் “நூ” என்று அடித்தேன். அதுவும் மறைந்தது.

ஆகக் கோப்பு கெடவில்லை; கோப்பு கிடக்கும் தட்டு கெட்டிருக்கிறது. கடகடவென்ற சத்தம் அப்போதுதான் நினைவுக்கு வந்தது. படிக்க முடியாத இடத்தை வன்தட்டின் முனை திரும்பத் திரும்ப முயன்று பார்க்கும் சத்தம் அது. பத்துப் பதினைந்து விநாடி உறைவும் அந்த முயற்சிதான். அவர் முதல் நாளே சொன்னதைக் காதில் வாங்கியிருந்தால், மெம்டெஸ்ட் ஓடிய இரவை மிச்சம் பிடித்திருக்கலாம்.

நிர்வாகி உரிமையோடு, இயங்குதளத்தின் மையமான கருநிரலின் பதிவேட்டைத் திறந்தேன். ஒவ்வொரு விழுகைக்கும் ஒரு படிப்புப் பிழை அங்கே பதிவாகியிருந்தது. எல்லாவற்றிலும் ஒரே துண்டு எண், 61874312. அந்தத் துண்டில் இருப்பது எழுத்துருதான் என்பதை ஊகமாக விட மனமில்லை. இந்த எண் தட்டின் தொடக்கத்திலிருந்து 512 பைட்டு அளவில் எண்ணப்படுவது. கோப்பு முறைமை இருக்கும் தட்டுப் பகுதி (பகிர்வு) 2048-ஆம் துண்டில் தொடங்குகிறது. எனவே அதைக் கழித்தால் 61872264. கோப்பு முறைமையின் கட்டம் 4096 பைட்டு, அதாவது எட்டுத் துண்டுகள். எட்டால் வகுத்தால் 7734033, மீதியில்லை. இனி, கோப்பு முறைமையின் உள்ளே பார்க்க உதவும் டீபக்எஃப்எஸ் கருவியைப் படிக்க மட்டுமான முறையில் திறந்து, 7734033-ஆம் கட்டம் எந்தக் கோப்புக்குரியது என்று கேட்டேன். முதலில், கோப்பு முறைமை அந்தக் கோப்புக்கு வைத்திருக்கும் உள்ளெண் வந்தது. அந்த உள்ளெண்ணுக்குப் பெயர் கேட்டபோது, நோட்டோ செரிஃப் தமிழ் எழுத்துருவின் தடித்த வடிவக் கோப்பு என்று விடை வந்தது. அந்தக் கோப்பைச் சாதாரண முறையில் நகலெடுக்கச் சொன்னபோது, உள்ளீட்டு வெளியீட்டுப் பிழை என்ற நாகரிகமான செய்தியோடு நகலெடுப்பு நின்றது. முதல் வழிக்கும் இரண்டாம் வழிக்கும் உள்ள வேறுபாட்டைக் கண்ணெதிரே காட்ட இதைவிட நல்ல சான்று கிடைக்காது.

தட்டின் தன்னாய்வு அறிக்கையையும் எடுத்தேன். 197-ஆம் வரி, மாற்றத்துக்குக் காத்திருக்கும் துண்டுகள், எட்டு என்றது. எட்டு 512 என்றால் 4096, ஒரே ஒரு கட்டம். 5-ஆம் வரி, மாற்றப்பட்ட துண்டுகள், பூச்சியம். தட்டின் ஒட்டுமொத்த உடல்நிலை நலம் என்று அதே அறிக்கை தலைப்பில் சான்றும் கொடுத்திருந்தது. அந்தச் சான்றை நான் ஒருபோதும் நம்புவதில்லை. எண்களைத்தான் பார்க்க வேண்டும்.

இந்த இடத்தில் எழுத்துருத் தொகுப்பை மறுபடி நிறுவினால் உலாவி உடனே சரியாகிவிடும். புதிய கோப்பு வேறு கட்டங்களில் எழுதப்படும்; கெட்ட கட்டம் வெற்றிடமாகிவிடும். பலர் அதோடு கைகழுவியிருப்பார்கள். நான் அதைச் செய்யவில்லை. அந்தத் தட்டில் பெரியப்பாவின் இருபது ஆண்டுக் கட்டுரைகளும் குடும்பப் படங்களும் இருந்தன. ஒரு கட்டம் போன தட்டில் அடுத்தது எங்கே போகும் என்று யாரும் சொல்ல முடியாது. மேலும், இரண்டு நாளாக உலாவியை விழவைத்து விளையாடிய ஒவ்வொரு முறையும் கெட்ட இடத்தை நானே முட்டிக்கொண்டிருந்திருக்கிறேன். ஆகவே சோதனைகளை அத்துடன் நிறுத்திவிட்டு, முதலில் அவருடைய கோப்புகளை வெளித்தட்டுக்கு நகலெடுத்தேன். பிறகு கடைத்தெருவில் அதே 500 ஜிபி கொள்ளளவுள்ள எஸ்எஸ்டி (சுழலும் பாகமில்லாத சேமிப்பகம்) ஒன்றை வாங்கிவந்து, யூஎஸ்பி வழியாக இணைத்து, நேரடி இயக்க வட்டிலிருந்து கணினியைத் தொடங்கி, டீடீரெஸ்க்யூ கருவியால் தட்டு முழுவதையும் படியெடுத்தேன். சாதாரண நகல் கருவி பிழை கண்ட இடத்தில் நின்றுவிடும். இது நல்ல இடங்களை முதலில் எடுத்துவிட்டு, கெட்ட இடத்துக்குக் கடைசியில் திரும்பிவரும், விட்டுப்போனதைத் தனிக்கோப்பில் குறித்தும் வைக்கும். ஏறக்குறைய இரண்டு மணி நேரம் கழித்து அது சொன்ன கணக்கு: மீட்க முடியாதவை 4096 பைட்டுகள்.

பழைய தட்டைக் கழற்றி எஸ்எஸ்டியைப் பொருத்துவதற்கு அடிப்பலகையின் திருகுகளைத் தவிர வேறு சிரமம் இல்லை. ஆர்வம் தாங்காமல், எழுத்துருவைச் சரிசெய்யுமுன் சோதனைக் கோப்பைத் திறந்து பார்த்தேன். உலாவி விழவில்லை, ஆனால் “நூல்” என்ற தலைப்பில் “ல்” மட்டும் தெரிந்தது. புதிய தட்டில் அந்த 4096 பைட்டுகள் வெறும் பூச்சியங்கள். ஆகவே பழைய தட்டில் நிரலைக் கொன்ற இடம் இங்கே வெறும் வெற்றிடமாகி, ஆறு எழுத்துகளும் சத்தமின்றிக் காணாமல் போயிருந்தன. அதன்பின் தொகுப்பை மறுநிறுவல் செய்தேன். நிறுவிய எல்லாத் தொகுப்புகளின் கோப்புகளையும் மூலக் கணக்கோடு ஒப்பிடும் டெப்சம்ஸ் கருவியையும் ஓடவிட்டேன். வேறெதிலும் வேறுபாடு இல்லை.

பெரியப்பா தம் நோட்டிலிருந்த ஏழு முகவரிகளையும் ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்துக் குறியிட்டார். பிறகு மேசைத்திரையில் நான் அழிக்காமல் விட்டிருந்த சோதனைக் கோப்புறையைத் திறந்து, அதிலிருந்த எழுத்துகளைச் சிறிது நேரம் எண்ணிக்கொண்டிருந்தார். மொத்தம் 246 கோப்புகள்தாம் இருக்கின்றன என்றார். 247-ஆவது எங்கே என்று யோசித்துப் பார்த்தேன். ஆய்த எழுத்தை நிரலில் சேர்க்க மறந்திருந்தேன்.